நகரசபையில் உங்கள் ஐந்து நிமிடம்: ஒன்ராறியோ லண்டனில் உள்ளூர் அரசியலுக்குள் நுழைவது எப்படி?

லண்டனில் இருக்கிறேன் என்று ஊருக்குத் தொலைபேசியில் சொன்னால், அரண்மனையைப் பார்த்தாயா என்பதுதான் முதல் கேள்வி. இங்கேயும் தேம்ஸ் ஓடுகிறது, ஒக்ஸ்போர்ட் தெரு இருக்கிறது, கொவென்ட் கார்டன் என்ற பெயரில் ஒரு சந்தை கூட இருக்கிறது. ஆனால் இது ஒன்ராறியோவின் லண்டன். ரொறன்ரோவிலிருந்து 401 நெடுஞ்சாலையில் மேற்கே இரண்டு மணி நேரம். 2021 குடிசன மதிப்பீட்டின்படி 4,22,324 பேர் வாழும் நகரம். எல்லோரும் எல்லோரையும் அறிந்த ஊருமல்ல, யாரும் யாரையும் அறியாத மாநகருமல்ல. உள்ளூர் அரசியலில் கை வைக்க விரும்பும் ஒரு சாதாரண ஆளுக்கு இந்த அளவு நல்ல வசதி. நகரசபை உறுப்பினரை மளிகைக் கடையில் சந்தித்துப் பேசலாம். அதேநேரம், நகரசபை தீர்மானிக்கும் தொகைகள் கோடிக் கணக்கில் இருக்கும்.

நம்மவர்கள் பலர் இதில் இறங்குவதில்லை. இறங்குபவர்களும் பெரும்பாலும் பிந்தி வருகிறார்கள். நகரசபை வாக்கெடுப்பு நடக்கும் இரவில் பதாகையுடன் போய் நிற்பது, தாலி கட்டி முடிந்தபின் மாப்பிள்ளையைப் பற்றி விசாரிப்பதைப் போன்றது. விவகாரம் அதற்கு ஒரு வாரம் முன்பே, ஐந்தாறு பேர் உட்கார்ந்த ஒரு குழுக் கூட்டத்தில் முடிந்துபோயிருக்கும். எங்கே, எப்போது, என்ன வார்த்தையில் பேசுவது என்று தெரிந்தால் ஒரு தனி ஆளின் ஐந்து நிமிடத்துக்கும் இங்கே எடை உண்டு. அந்த வழியை நான் தட்டுத் தடுமாறிக் கற்ற வரிசையிலேயே எழுதுகிறேன்.

படி 1: எந்தக் கதவு என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

கனடா வந்த புதிதில் குடும்ப வைத்தியர் கிடைக்கவில்லை என்று என் வட்டார உறுப்பினருக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினேன். அவர் பண்பாகப் பதில் எழுதினார். அதன் சாரம்: இது என் வேலை அல்ல, மாகாணத்தின் வேலை. அந்த அசட்டுத்தனத்தை நீங்களும் செய்ய வேண்டியதில்லை.

தெரு, நடைபாதை, பனி அகற்றல், குப்பை, பூங்கா, தீயணைப்பு, குடிநீர், கட்டட அனுமதி, எந்தக் காணியில் எதைக் கட்டலாம் என்ற விதிகள்: இவை நகரத்தின் கையில். மருத்துவமனை, பள்ளிக்கூடப் பாடத்திட்டம், வாடகை உயர்வு வரம்பு, வீட்டுக்காரருக்கும் வாடகைக்காரருக்கும் இடையிலான வழக்கு: இவை ஒன்ராறியோ மாகாணத்தின் கையில். குடிவரவும் ரயில் பாதையும் ஒட்டாவாவின் கையில்.

நடுவே சில இரட்டைக் கதவுகள் உண்டு, பலர் முட்டிக்கொள்வது அங்கேதான். பஸ் வழித்தடத்தை நகரசபை நேரடியாக வரைவதில்லை. லண்டன் போக்குவரத்து ஆணையம் என்ற தனி அமைப்பு அதைச் செய்கிறது. நகரசபை அதற்குப் பணம் கொடுக்கிறது, ஆணையர்களை நியமிக்கிறது. பொலிஸும் அப்படித்தான். நகரசபை பொலிஸின் மொத்தத் தொகையைப் பற்றி விவாதிக்கலாம், ஆனால் எத்தனை வாகனம், எத்தனை பேர் என்று வரி வரியாக வெட்ட முடியாது. அது பொலிஸ் சேவைகள் சபையின் அதிகாரம். எனவே பொலிஸ் செலவு பற்றிப் பேச விரும்புகிறவர், திட்டம் நகரசபைக்கு வருவதற்கு முன்னரே அந்தச் சபையின் கூட்டத்துக்குப் போக வேண்டும்.

குழி விழுந்த தெரு, அணைந்துபோன தெருவிளக்கு, எடுக்காமல் விட்ட குப்பை போன்றவற்றுக்கு அரசியல் தேவையே இல்லை. 'சர்வீஸ் லண்டன்' இணையப் பக்கத்தில் முறைப்பாடு பதிந்து, அவர்கள் தரும் இலக்கத்தை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இலக்கம் இல்லாத முறைப்பாடு வெறும் காற்று. பின்னர் உறுப்பினருக்கு எழுத நேர்ந்தால் அந்த இலக்கமே உங்கள் ஆயுதம்.

இதோடு ஒரு சட்ட நுணுக்கத்தையும் மனதில் வையுங்கள். பழுதான தெருவிலோ நடைபாதையிலோ விழுந்து காயப்பட்டு இழப்பீடு கேட்க நினைத்தால், விழுந்த நாளிலிருந்து 10 நாட்களுக்குள் நகர எழுத்தருக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்கிறது ஒன்ராறியோவின் மாநகராட்சிச் சட்டம். கால் குணமாகட்டும், பிறகு பார்க்கலாம் என்று இருந்து உரிமையை இழந்தவர்கள் உண்டு.

படி 2: பதினைந்து பேரை எண்ணத் தெரிய வேண்டும்

லண்டனில் 14 வட்டாரங்கள், வட்டாரத்துக்கு ஓர் உறுப்பினர். அவர்களோடு நகரபிதா. மொத்தம் 15 வாக்குகள். ஒன்ராறியோவின் உள்ளூராட்சியில் கட்சிகள் கிடையாது. வாக்குச்சீட்டில் கட்சிச் சின்னம் இல்லை, கொறடா உத்தரவும் இல்லை. ஒருவரின் உள் மனச் சாய்வை எல்லோரும் அறிந்திருக்கலாம். ஆனாலும் ஒவ்வொரு விடயத்திலும் எட்டு வாக்குகளைப் புதிதாகத் தேட வேண்டியிருக்கும். இலங்கையிலோ தமிழ்நாட்டிலோ அரசியல் பார்த்து வளர்ந்த நமக்கு இது விசித்திரமாகப் படும். தலைவரைப் பிடித்தால் காரியம் முடிந்தது என்ற கணக்கு இங்கே செல்லாது.

உங்கள் முகவரியை நகரத்தின் இணையத்தளத்தில் கொடுத்தால் வட்டாரமும் உறுப்பினரின் மின்னஞ்சலும் வரும். வட்டார எல்லைகள் அவ்வப்போது மாற்றி வரையப்படுவதால், பழைய நினைவை நம்ப வேண்டாம். பிறகு ஒரு சிறு வேலை: உங்கள் விடயத்தோடு ஒட்டிய ஏதாவது ஒரு பழைய வாக்கெடுப்பைக் கூட்டக் குறிப்பில் தேடி, யார் ஆம், யார் இல்லை என்று ஒரு தாளில் எழுதுங்கள். உறுதியான ஆதரவாளரிடமும் உறுதியான எதிர்ப்பாளரிடமும் நேரத்தை வீணாக்க வேண்டாம். நடுவில் நிற்கும் மூன்று நான்கு பேர்தான் உங்கள் வாசகர்கள்.

படி 3: மூன்று வாரச் சக்கரத்தைப் பிடியுங்கள்

லண்டன் நகரசபை சுமார் மூன்று வாரத்துக்கு ஒரு முறை சுழல்கிறது. முதலில் நிலைக்குழுக்கள் கூடும். காணி, கட்டடம், சுற்றாடல் என்றால் திட்டமிடல் மற்றும் சுற்றாடல் குழு. வாடகை உரிமம், பூங்கா, வீடற்றோர் உதவி போன்றவை சமூக மற்றும் பாதுகாப்புச் சேவைகள் குழுவுக்குப் போகும். 15 பேரும் உட்காரும் உத்திசார் முன்னுரிமைகள் மற்றும் கொள்கைக் குழு என்று ஒன்றும் உண்டு. பெரிய விவகாரங்கள் அங்கே வரும். குழு பரிந்துரைக்கும், அதற்கடுத்து முழு நகரசபை கூடி வாக்களிக்கும்.

பொதுமக்கள் பேசுவது குழுவில்தான். முழு நகரசபையில் நீங்கள் பார்வையாளர் மட்டுமே. டஃபரின் அவனியூ 300 இல், விக்டோரியா பூங்காவுக்கு எதிரே இருக்கும் நகர மண்டபத்தின் பார்வையாளர் கலரியில் வாயை மூடிக்கொண்டு இருக்கலாம். கை தட்டினால் கூடத் தலைமை தாங்குபவர் கண்டிப்பார்.

ஆகவே நீங்கள் கண் வைக்க வேண்டியது குழுவின் நிகழ்ச்சி நிரலில். கூட்டத்துக்குச் சில நாட்கள் முன்பு அது இணையத்தில் ஏறிவிடும். நிரலின் ஒவ்வொரு உருப்படிக்கும் கீழே அதிகாரிகளின் அறிக்கை இணைக்கப்பட்டிருக்கும். நூறு பக்க அறிக்கை என்றாலும் பயப்பட வேண்டாம். முதல் பக்கத்தில் உள்ள பரிந்துரையையும், பின்னே வரும் நிதித் தாக்கம் என்ற பத்தியையும் படித்தால் எண்பது விழுக்காடு விளங்கிவிடும். மிச்சத்தை உங்களுக்கு எதிராகப் பேசப்போகிறவர் படிப்பார் என்று வைத்துக்கொண்டு, முடிந்தால் படியுங்கள்.

படி 4: கேட்க வேண்டியதை ஒரே வாக்கியமாக்குங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள்.

லண்டன் நகரசபையின் கூட்டக் குறிப்புகளைத் திறந்து பார்த்தால், ஒவ்வொரு தீர்மானத்திலும் ஒரு வினைச்சொல் மட்டும் பெரிய எழுத்தில் நிற்கும். 'பெற்றுக்கொள்ளப்படுகிறது' என்றால் கடிதம் வந்தது, படித்தோம், வணக்கம், போய் வாருங்கள் என்று பொருள். முதல் முறை என் கடிதத்துக்கு நேரே அந்தச் சொல்லைக் கண்டு, ஏற்றுக்கொண்டார்கள் என்று நினைத்து வீட்டில் பாயசம் காய்ச்சினேன். 'அனுப்பப்படுகிறது' என்றால் வேறொரு இடத்துக்குத் தள்ளிவிட்டார்கள். நல்லதாகவும் இருக்கலாம், கிணற்றில் போட்டதாகவும் இருக்கலாம். நீங்கள் தேட வேண்டிய சொல் மூன்றாவது: 'நகர நிர்வாகம் பணிக்கப்படுகிறது'. ஆய்வு செய்து அறிக்கை தருமாறு, அல்லது துணைவிதி, அதாவது நகரசபை இயற்றும் உள்ளூர்ச் சட்டம், ஒன்றை வரைந்து கொண்டுவருமாறு அதிகாரிகளுக்கு இடப்படும் கட்டளை அது. உங்கள் கோரிக்கை அந்தச் சொல்லோடு முடிய வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. நம்மவர்களின் மகஜர் வழக்கமாக இப்படி இருக்கும்: 'எங்கள் பகுதியில் வாகனங்கள் மிக வேகமாக ஓடுகின்றன. குழந்தைகளும் முதியவர்களும் தினமும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவைக் கடக்கிறார்கள். தயவுசெய்து உடனடி நடவடிக்கை எடுக்கவும்.' உண்மைதான், உருக்கமும் இருக்கிறது. ஆனால் இதை வைத்துக்கொண்டு எந்த உறுப்பினரும் பிரேரணை கொண்டுவர முடியாது. அதையே இப்படி மாற்றுங்கள்: 'நூலகத்துக்கு எதிரே உள்ள பஸ் தரிப்பிடத்தில் பாதசாரிக் கடவை அமைப்பது பற்றி ஆய்வு செய்து, செலவு மதிப்பீட்டுடன், இந்த ஆண்டு முடிவதற்குள் இந்தக் குழுவுக்கு அறிக்கை தருமாறு நகர நிர்வாகத்தைப் பணிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.' இடம், செயல், காலக்கெடு, யாருக்கு என்பது எல்லாம் இதில் இருக்கிறது. உறுப்பினர் இதை அப்படியே பிரதி செய்து தன் பிரேரணையாகப் படிக்கலாம். அவர்களில் பலருக்கு இதைத் தவிர வேறு வேலையும் உண்டு. எழுதும் வேலையை நீங்கள் செய்து கொடுத்தால் பாதிப் பாரம் குறைந்தது.

கடிதம் ஒரு பக்கம் போதும். மேலே உருப்படியின் இலக்கம், முதல் வரியில் கோரிக்கை, பிறகு காரணங்கள். நீங்கள் அனுப்பும் கடிதம் உங்கள் பெயரோடு பொது நிரலில் ஏறும், என்றென்றைக்கும் தேடினால் கிடைக்கும் என்பதை மறக்க வேண்டாம். தொலைபேசி இலக்கத்தையும் பிள்ளைகளின் பெயர்களையும் அதில் எழுதாதீர்கள்.

படி 5: ஐந்து நிமிடம்

இரண்டு வகையில் பேசலாம். சட்டப்படி நடத்தப்படும் பொதுமக்கள் பங்கேற்புக் கூட்டம் என்றால் யாரும் பேசலாம், முன்பே பதிந்துகொள்வது நல்லது. மற்ற உருப்படிகளில் பேச, தூதுரை எனப்படும் பேசும் வாய்ப்பைக் கேட்டு எழுத்தில் விண்ணப்பிக்க வேண்டும். குழு ஒத்துக்கொண்டால்தான் வாய்ப்பு. இரண்டிலும் ஐந்து நிமிடம்தான். விண்ணப்பத்துக்கும் கடிதத்துக்கும் உரிய கடைசி நேரம் அறிவித்தலிலேயே இருக்கும். அதைத் தாண்டி வந்தால் நகர எழுத்தர் அலுவலகம் இரக்கம் காட்டும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

குடியுரிமை வேண்டுமா என்று பலரும் கேட்கிறார்கள். வாக்களிக்கக் குடியுரிமை வேண்டும், பேச அது தேவையில்லை. நிரந்தர வதிவிடக்காரர், மாணவர், அகதிக் கோரிக்கையாளர் யாராக இருந்தாலும் அந்த ஒலிவாங்கியின் முன் நிற்கலாம்.

என் முதல் அனுபவத்தைச் சொல்லிவிடுகிறேன். நான்கு பக்க உரை தயாரித்திருந்தேன். எங்கள் ஊரில் வாசிகசாலைச் செயலாளராக இருந்தவன் நான், மேடை எனக்குப் புதிதல்ல என்ற திமிர். தவிசாளருக்கு வணக்கம், உறுப்பினர்களுக்கு வணக்கம், அதிகாரிகளுக்கு வணக்கம், நான் கனடா வந்த கதை, இந்த நகரம் எனக்குத் தந்த வாழ்வு என்று விரித்துக்கொண்டு போனேன். இரண்டாம் பக்கத்தின் நடுவே நிற்கும்போது தவிசாளர் மென்மையாக, உங்களுக்கு முப்பது விநாடி இருக்கிறது என்றார். கோரிக்கை நான்காம் பக்கத்தில் இருந்தது. தாள்களைப் புரட்டினேன், ஒன்று கீழே விழுந்தது. குனிந்து எடுத்து நிமிர்ந்தபோது நன்றி சொல்லிவிட்டார்கள். எனக்குப் பின்னால் வந்த ஒரு முதிய பெண் ஒரு சிறு அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு நிமிடம் பேசினார். அவரிடம் மூன்று கேள்விகள் கேட்டார்கள், என்னிடம் ஒன்றுமில்லை.

அன்றிலிருந்து என் முறை இது. முதல் இருபது விநாடியில் கோரிக்கை. பிறகு ஒரே ஒரு காட்சி, நான் கண்ணால் கண்டது. அதன்பின் அறிக்கையிலிருந்து ஓர் எண், பக்க இலக்கத்தோடு. கடைசியில் கோரிக்கை மறுபடி, அதே வார்த்தையில். நாலு நிமிடத்தில் முடித்துவிடுவேன். மீதி ஒரு நிமிடம் மௌனமாக நின்றாலும் நட்டமில்லை, கேள்வி வந்தால் நமக்குக் கூடுதல் நேரம். ஆங்கில உச்சரிப்பைப் பற்றிக் கவலைப்படுகிறவர்களுக்கு: எழுதிய கடிதத்தை முன்பே அனுப்பியிருந்தால் அவர்கள் அதைப் பார்த்துக்கொண்டே கேட்பார்கள். நிதானமாகப் பேசினால் போதும்.

படி 6: தனியாகப் போகாதீர்கள், கூட்டமாகவும் போகாதீர்கள்

இந்த நகரிலேயே நடந்த ஒன்றைப் பாருங்கள். வெப்ஸ்டர் தெருவில் உள்ள இரண்டு அடுக்குமாடிகளின் வாடகைக்காரர்களுக்கு 2023 இல் 'N13' என்ற படிவம் வரத் தொடங்கியது. பெரிய திருத்த வேலை இருக்கிறது, வெளியேறுங்கள் என்பதே அதன் சாரம். திருத்தம் முடிந்தபின் அதே வாடகைக்குத் திரும்பிவரும் உரிமை சட்டத்தில் இருந்தாலும், நடைமுறையில் போனவர் திரும்புவது அரிது. குடியிருப்பாளர்கள் எக்கோர்ன் என்ற வாடகைக்காரர் அமைப்போடு சேர்ந்தார்கள்.

வாடகைச் சட்டம் மாகாணத்துடையது, நகரசபையால் எதுவும் செய்ய முடியாது என்ற பதில்தான் இயல்பாக வரும். ஆனால் கட்டட அனுமதியும் வியாபார உரிமமும் நகரத்தின் கையில் இருக்கின்றன. ஹமில்டன் நகரம் அந்த இடுக்கின் வழியே நுழைந்து, திருத்த வேலைக்காக ஆட்களை எழுப்பும் வீட்டுக்காரர் நகரத்திடம் உரிமம் எடுக்க வேண்டும் என்ற துணைவிதியை 2024 ஜனவரியில் நிறைவேற்றியிருந்தது. லண்டன் வாடகைக்காரர்கள் அதைக் காட்டிக் கேட்டார்கள். லண்டனும் அப்படியொரு துணைவிதியை நிறைவேற்றியது. 2025 மார்ச் 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது.

இதில் நான் கவனித்தது இரண்டு. ஒன்று, அவர்கள் கேட்டது புதுமையாக இருக்கவில்லை. பக்கத்து நகரம் ஏற்கனவே செய்திருந்தது. 'ஹமில்டன் செய்தது' என்ற ஒரு வரி, பத்துப் பக்க நியாயத்தைவிட அதிகாரிகளை அசைக்கும். வழக்கு வந்தால் என்ன ஆகும் என்ற அச்சத்தை அது பாதியாக்குகிறது. மற்றது, ஒவ்வொருவரும் தன் வீட்டுக் கதையைச் சொன்னாலும் கோரிக்கை எல்லோருக்கும் ஒன்றாகவே இருந்தது. நாற்பது பேர் போய் நாற்பது கோரிக்கை வைப்பதைவிட நாலு பேர் போய் ஒன்றை வைப்பது மேல்.

படி 7: பக்கத்துக் காணியில் பலகை முளைத்தால்

நம்மவர்கள் முதன்முதலில் நகர அரசியலுக்குள் வருவது பெரும்பாலும் இந்த வழியில்தான். பக்கத்துக் காணியில் ஆறு மாடி வரப்போகிறது என்று ஒரு பலகை. கூடவே தபாலில் ஒரு கடிதம். சோனிங் என்று எல்லோரும் சொல்லும் காணிப் பயன்பாட்டு விதியை மாற்றுவதற்கு, 120 மீற்றர் சுற்றளவில் உள்ளவர்களுக்கு அறிவிக்க வேண்டும் என்பது மாகாண விதி. விதியிலிருந்து சிறு விலகலுக்கு மட்டும் அனுமதி கேட்டால் 60 மீற்றர். பொதுக்கூட்டத்துக்குக் குறைந்தது 20 நாட்கள் முன்பு அறிவித்தல் வர வேண்டும்.

பழைய அனுபவம் உள்ளவர்கள், நகரசபை ஒத்துக்கொண்டாலும் காணித் தீர்ப்பாயத்தில் மேன்முறையீடு செய்வோம் என்பார்கள். அந்தக் காலம் போய்விட்டது. சிறு விலகல்களில் அயலவரின் மேன்முறையீட்டு உரிமை 2022 நவம்பரிலும், சோனிங் மாற்றங்களில் 2024 ஜூனிலும் மாகாணச் சட்டத்தால் நீக்கப்பட்டது. எனவே குழுவின் முன் கிடைக்கும் அந்த ஐந்து நிமிடமே அயலவருக்கு முதல் வாய்ப்பும் கடைசி வாய்ப்பும்.

அங்கே எடுபடுவது எது? நிழல், மழைநீர் வடிகால், மரங்கள், வாகனம் நுழையும் வழி, உங்கள் வளவைப் பார்க்கும் மாடங்கள், வேலிக்கும் கட்டடத்துக்கும் இடையிலான தூரம். வீட்டு விலை விழும் என்ற வாதம் எடுபடாது. எப்படிப்பட்ட ஆட்கள் வந்து குடியேறுவார்களோ என்ற வாதம் எடுபடாதது மட்டுமல்ல, கேட்கவும் அசிங்கமாக இருக்கும். ஒரு காலத்தில் நம்மைப் பார்த்தும் அதையே சொல்லியிருப்பார்கள். முழுத் திட்டத்தையும் நிறுத்து என்று கேட்பதைவிட, வடக்குப் பக்கம் ஒரு மாடியைக் குறை, வேலியோரம் மரம் நடு, மாடத்துக்கு மறைப்பு வை என்று கேட்பவர் ஏதாவது ஒன்றைப் பெற்றுக்கொண்டு வீடு திரும்புகிறார்.

காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பதையும் அறிந்திருங்கள். 2023 செப்டெம்பரில் மத்திய அரசின் வீடமைப்பு முடுக்க நிதியில் நாட்டிலேயே முதலாவதாக ஒப்பந்தம் செய்த நகரம் லண்டன். தொகை 74 மில்லியன் டொலர். அதற்காக ஒரு காணியில் நான்கு வீட்டலகுகளை அனுமதிக்கவும் நகரம் ஒப்புக்கொண்டது.

படி 8: பணமும் நகரபிதாவின் புதிய பலமும்

சொத்து வரி பற்றி ஆண்டு முழுவதும் முணுமுணுப்போம், வரவு செலவுத் திட்டக் கூட்டம் நடக்கும்போது வீட்டில் இருப்போம். லண்டன் நான்காண்டுத் திட்டம் போடும் நகரம். 2024 முதல் 2027 வரையான திட்டம் நிறைவேறியபோது முதலாண்டின் வரி உயர்வு மட்டும் 8.7 சதவீதம்.

இங்கே ஆட்ட விதி மாறியிருக்கிறது. 2023 ஜூலை 1 முதல் லண்டன் நகரபிதாவுக்கும் மாகாணம் 'வலுவான நகரபிதா' அதிகாரங்களைக் கொடுத்தது. திட்டத்தை முன்வைப்பது இப்போது நகரபிதா, அதுவும் பெப்ரவரி 1 க்குள். நகரசபைக்குத் திருத்த 30 நாட்கள். அந்தத் திருத்தங்களை 10 நாட்களுக்குள் அவர் தடுத்து நிறுத்தலாம். தடையை உடைக்க நகரசபைக்கு 15 நாட்கள், மூன்றில் இரண்டு பங்கு வாக்குகள். அதாவது வழக்கமான எட்டு அல்ல, பத்து. 2022 இல் தெரிவான நகரபிதா ஜோஷ் மோர்கன் காலத்தில் வந்த மாற்றம் இது. யார் அந்தக் கதிரையில் இருந்தாலும் கணக்கு இதுதான். உங்கள் கோரிக்கைக்குப் பணம் தேவை என்றால், திட்டம் வெளிவருவதற்கு முந்தைய கோடையிலும் இலையுதிர் காலத்திலும் நகரபிதா அலுவலகத்துக்கு எழுதுங்கள். ஜனவரியில் எழுதினால் அச்சாகிவிட்ட அழைப்பிதழில் பெயர் சேர்க்கச் சொன்ன கதைதான்.

படி 9: கதவு மூடியிருந்தால்

காணி வாங்கல் விற்றல், வழக்கு, ஊழியர் விவகாரம் போன்ற சிலவற்றுக்கு மட்டுமே நகரசபை மூடிய அறையில் கூடலாம். லண்டனுக்கு இதில் ஒரு வரலாறு உண்டு. 2013 பெப்ரவரியில், வரவு செலவுத் திட்டம் முடிவாகும் நேரத்தில், அன்றைய நகரபிதாவும் உறுப்பினர்கள் ஆறு பேரும் ஓர் உணவகத்தின் பின்னறையில் மதிய உணவுக்குக் கூடினார்கள். சும்மா சாப்பிடத்தான் என்றார்கள். பொதுமக்களின் முறைப்பாடுகளை ஆராயும் ஒன்ராறியோ ஒம்புட்ஸ்மன் விசாரித்து, அது சட்டவிரோதமான மூடிய கூட்டம் என்று அந்த ஆண்டு அக்டோபரில் அறிக்கை வெளியிட்டார். 2014 தேர்தலில் நகரசபையின் பெரும்பான்மை புதுமுகங்களாகிவிட்டது.

உங்களுக்கு வேண்டிய ஆவணத்தைக் கேட்டும் தரவில்லையென்றால், தகவல் சுதந்திரச் சட்டத்தின் கீழ் 5 டொலர் கட்டி விண்ணப்பிக்கலாம். 'எல்லா மின்னஞ்சல்களும்' என்று கேட்காதீர்கள். தேதி, விடயம், துறை என்று குறுக்கிக் கேட்டால் செலவும் காத்திருப்பும் குறையும்.

படி 10: தேர்தல்

நான்கு ஆண்டுக்கு ஒரு முறை, அக்டோபர் மாத நான்காம் திங்கள். 2026 இல் அது அக்டோபர் 26. கனடியக் குடியுரிமையும் 18 வயதும் நகரில் வசிப்பிடமோ காணியோ வாடகை வீடோ இருந்தால் வாக்கு உண்டு. வெஸ்டேர்ன் பல்கலைக்கழகத்திலும் ஃபான்ஷோ கல்லூரியிலும் படிக்கும் வெளியூர் மாணவர்கள் இங்கேயும் தம் சொந்த ஊரிலும் வாக்களிக்கலாம் என்பது பல பெற்றோருக்கே தெரியாது.

2022 இல் லண்டனில் வாக்களித்தது ஏறத்தாழ நான்கில் ஒருவர். வட்டாரத் தேர்தல்கள் சில நூறு வாக்குகளில் சாயக் கூடியவை. அதன் விலை என்னவென்று அறிய 2018 தேர்தலைப் பார்க்கலாம். விரைவு பஸ் திட்டம் வேண்டுமா வேண்டாமா என்ற கேள்வியே அந்தத் தேர்தலை ஆட்டிப் படைத்தது. அதன்பின் வந்த நகரசபை, 2019 மார்ச்சில் திட்டத்தைத் துண்டுதுண்டாக வாக்கெடுப்புக்கு விட்டது. நகர மையச் சுற்று, கிழக்கு, தெற்கு ஆகிய பகுதிகள் பிழைத்தன. வடக்கும் மேற்கும் விழுந்தன. பல்கலைக்கழகத்துக்குப் போகும் பஸ்ஸில் நெரிசலில் நின்றபடி போகும் மாணவர் அந்த வாக்கெடுப்பின் பயனை அனுபவித்துக்கொண்டுதான் போகிறார். அதே 2018 தேர்தலில்தான், அண்மைக் காலத்தில் கனடாவிலேயே முதன்முறையாக, ஒரு நகரம் விருப்பு வரிசை வாக்கைப் பயன்படுத்தியது. 2020 இல் மாகாணம் அந்த வசதியைச் சட்டத்தால் எடுத்துவிட்டது, லண்டனைக் கேட்கவில்லை.

போட்டியிட நினைப்பவருக்கு: 25 வாக்காளர்களின் கையொப்பம், உறுப்பினர் பதவிக்கு 100 டொலர் வைப்பு, நகரபிதாவுக்கு 200. நிறுவனங்களும் தொழிற்சங்கங்களும் நன்கொடை தர முடியாது; தனிநபர் ஒரு வேட்பாளருக்கு 1,200 டொலர் வரை தரலாம், அவர் ஒன்ராறியோவில் வசிப்பவராக இருந்தால் போதும். குடியுரிமை இல்லாதவரும் நன்கொடை தரலாம், கதவு கதவாகப் போய்ப் பிரசாரமும் செய்யலாம். ஒரு வேட்பாளருக்காக இரண்டு சனிக்கிழமை நடந்து பாருங்கள். உங்கள் தெருவைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியாது என்பது அப்போது தெரியும்.

படி 11: வென்றபின் தொலைத்துவிடாதீர்கள்

'நகர நிர்வாகம் பணிக்கப்படுகிறது' என்ற சொல் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஆட்கள் கை குலுக்கிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஆறு மாதத்தில் அதிகாரி இடம் மாறுவார், உறுப்பினர் வேறு சண்டையில் இருப்பார்.

ஒவ்வொரு குழுவின் நிரலிலும், கடைசிப் பக்கங்களில், யாரும் திறக்காத ஓர் இணைப்பு இருக்கும். 'தள்ளிவைக்கப்பட்ட விடயங்களின் பட்டியல்' என்று அதற்குப் பெயர். கோரிக்கை வந்த தேதி, பொறுப்பான துறை, அறிக்கை எதிர்பார்க்கப்படும் காலம் என்று கட்டம் போட்டிருப்பார்கள். உங்கள் உருப்படி அதில் ஏறியிருக்கிறதா என்று அடுத்த சுற்றிலேயே பாருங்கள். ஏறியிருந்தால் அந்தக் காலத்தை வீட்டு நாட்காட்டியில் குறித்து வையுங்கள். அது மாற்றப்பட்டிருந்தால் உறுப்பினருக்கு இரண்டு வரி எழுதுங்கள்: 'இன்ன இலக்க உருப்படியின் அறிக்கை இன்ன மாதம் வர வேண்டியது, வரவில்லை. அடுத்த கூட்டத்தில் கேட்பீர்களா?' என் கைத்தொலைபேசியில் மூன்று வாரத்துக்கு ஒரு முறை, திங்கள் காலை ஒன்பது மணிக்கு, அந்தப் பட்டியலைத் திற என்று ஒரு மணி அடிக்கிறது. என் மனைவி அதைக் கேட்டதும் தேநீர் வைக்கப் போய்விடுவாள்.